வெளிநாட்டு முஸ்லிம்கள் நடத்தும் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்கலாமா? கிழக்கு மாகாணப் பெற்றோர், ஆசிரியர்களின் கருத்து தேவை

சம்மாந்துறை வயல்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும். தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

எனக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். மூத்தவ நாலாம் ஆண்டு, ஊர் அரச பாடசாலையில் படிக்கிறா. சின்னவ வாற வருஷம் முதலாம் ஆண்டு. மனைவியின் தம்பி கொழும்பில இருக்கார். அவர் பிள்ளைகள் படிக்கிறது வெளிநாட்டு முஸ்லிம்கள் நடத்துற ஆங்கில மொழிமூலப் பாடசாலையில. அதே ஆட்கள் அம்பாறைக் கரையோரத்திலும் ஒன்று திறக்கப் போறாங்களாம், பெயர் பதிவு நடக்குது. பாடசாலையின் பெயரை நான் எழுதல்ல, நீங்களும் எழுதாதீங்க.

மச்சான் சொல்றது: "நடத்துறவங்களும் முஸ்லிம், நாமளும் முஸ்லிம். தொழுகை இருக்கு, ஹலால் சாப்பாடு இருக்கு, பிள்ளை நல்ல ஆங்கிலம் படிக்கும். வேறென்ன வேணும்?" என் மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அவங்கட வீட்டு வழக்கமும் நம்மட வீட்டு வழக்கமும் ஒண்டா?" எனக்குப் பதில் தெரியல்ல. வெளிநாட்டில் படித்தவங்க, படிப்பிச்சவங்க, இப்படிப் பாடசாலைகளைப் பக்கத்தில இருந்து பார்த்தவங்க சொல்லுங்க.

மருதமுனை டீச்சர்

வயல்காரன் தம்பி, உங்கள் மனைவியின் கேள்விதான் சரியான கேள்வி. நான் மாலைதீவில் சில காலம் படிப்பித்தவள். அங்கே நான்தான் வெளிநாட்டு ஆசிரியை, அதனால் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாலைதீவில் பிரஜை என்றால் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது. நம்மைப் போல் ஷாபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டவழிகளில் ஒன்று) வந்தவர்கள். திவெஹி மொழியையும் இஸ்லாத்தையும் அந்த நாட்டு ஆசிரியர்கள் படிப்பிப்பார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் போன்றவற்றில் இலங்கையரும் இந்தியரும் நிறையப் பேர். அதே கிப்லா, அதே நோன்பு. போகும்போது நானும் "நம்ம ஆட்கள் தானே" என்று நினைத்துத்தான் போனேன்.

அங்கே விவாகரத்தும் மறுமணமும் மிகச் சாதாரணம். உலகிலேயே விவாகரத்து வீதம் கூடிய நாடுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். உம்மாவுக்கு இன்னொரு கணவர், வாப்பாவுக்கு இன்னொரு மனைவி, இரண்டு பக்கமும் சகோதரங்கள் என்று பிள்ளைகள் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வார்கள். ஆசிரியர் அறையில் நம் நாட்டுப் பெண்கள் சிலர் அந்தப் பிள்ளைகளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "பாவம், வீடு உடைந்த பிள்ளை" என்று பேசுவார்கள். அந்தப் பிள்ளைக்கு வீடு உடையவில்லை. அதன் ஊரில் அது சாதாரணக் குடும்பம். ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: என் குடும்பத்தில் ஏதோ குறை இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் இருப்பதைப் பெற்றோர் புரட்டிப் பார்க்கலாம். ஆசிரியர் எதைக் கண்டு முகம் சுளிக்கிறார், எதைக் கண்டு சிரிக்கிறார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

காத்தான்குடி வியாபாரி

டீச்சர் சொல்றதை மதிக்கிறேன். ஆனா நான் மறுபக்கம்தான்.

முஸ்லிம்கள் ஒரே உம்மத். துருக்கியர், பாகிஸ்தானியர், அரபு நாட்டவர் எண்டு பிரிச்சுப் பார்த்து நாமே நம்மளைச் சின்னதாக்குறோம். இன்னொன்றையும் வெளிப்படையாச் சொல்றேன். நம்மட வழக்கங்கள் எல்லாம் காப்பாத்த வேண்டியவையா? மார்க்கம் மாப்பிள்ளைதான் மஹர் கொடுக்கணும் எண்டு சொல்லுது. நம்மட ஊர்ல என்ன நடக்குது? பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காட்டிக் கல்யாணமே இல்ல. நாலு பெண் பிள்ளைகள் உள்ள வாப்பா நாலு வீடு கட்டணும். அதுக்காகத்தான் ஆம்பிளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போறாங்க. வாப்பாவால முடியாத வீடுகள்ல உம்மாமார் பணிப்பெண்ணாப் போறாங்க. பிள்ளைகள் மூத்தம்மாட்ட வளருது. வெளியில இருந்து ஒரு ஆசிரியர் வந்து "இது மார்க்கத்தில இல்லை" எண்டு பிள்ளைக்குச் சொன்னா, அதில என்ன நட்டம்?

இரண்டாவது, ஆங்கிலம். பிள்ளை உயர்தரம் முடிச்சும் ஒரு நேர்முகப் பரீட்சையில வாய் திறக்க முடியாம நிக்கிற நிலைமை நம்மட ஊர்ப் பெற்றோர் எல்லாருக்கும் தெரியும்.

மருதமுனை டீச்சர்

வியாபாரி காக்கா, சீதன வீட்டுச் சுமை பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. என் வகுப்பில் உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த வீட்டின் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, எங்கும் கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உறுதி பெரும்பாலும் பெண்ணின் பெயரில். பக்கத்து வளவில் உம்மா, அடுத்த வளவில் ராத்தா. கல்யாணம் முறிந்தால் வீட்டை விட்டு வெளியேறுவது ஆண். பெண்ணும் பிள்ளைகளும் அதே கூரைக்குக் கீழ்தான். தாய்வழியாக வரும் குடி (குல) முறையும், பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடிக்கு ஒருவராக மரைக்காயர் தெரிவதும் இந்தக் கரைக்கே உரியவை. நம் தமிழ் அயலவர்களுக்கும் இதே குடி முறை உண்டு. கொழும்பு, கண்டி முஸ்லிம்களுக்கே இது புதினம்.

இப்போது தந்தைவழிக் குடும்பம் மட்டுமே தெரிந்த நாட்டிலிருந்து ஒரு நல்ல மனிதர் ஆசிரியராக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்கு என்ன தெரியும்? மாமியார் வீட்டில் தங்கியிருக்கும் கணவன். அவருடைய ஊரில் அது ஆணுக்கு மானக்கேடு. அவர் சீதனம் கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார், உன் வாப்பா ஏன் உம்மா வீட்டில் இருக்கிறார் என்றும் கேட்பார். சுமையைக் குறைக்க வேண்டும், அந்தப் பாதுகாப்பையும் விடக் கூடாது. அதற்கு இரண்டையும் வாழ்ந்து பார்த்தவர் வேண்டும். அந்த வேலையை நம் ஊர்ப் பெண்களே செய்ய வேண்டும்.

மட்டக்களப்புப் பழைய மாணவன்

நான் தமிழன், கத்தோலிக்கன். முஸ்லிம் பாடசாலை பற்றி எனக்குச் சொல்ல உரிமை குறைவு. ஆனால் வெளிநாட்டார் நடத்திய பாடசாலை என்றால் மட்டக்களப்பாருக்கு இருநூறு வருட அனுபவம் இருக்கிறது.

1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த வருடத்தைத்தான் தன் தொடக்கமாகச் சொல்கிறது. புனித மைக்கேல் கல்லூரிக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து யேசுசபைக் குருமார் வந்தார்கள். கூடைப்பந்தை இந்த ஊரில் வளர்த்தவர்கள் அவர்கள். வெபர் அரங்கு அவர்களில் ஒருவரின் பெயரில்தான் நிற்கிறது. அருட்தந்தை யூஜின் ஹெபேர்ட்டை இங்கே தெரியாதவர் இல்லை. 1990 ஓகஸ்டில், எவராவது வெளியேற வழி கிடைத்தால் போதும் என்றிருந்த நாட்களில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை.

அந்தப் பாடசாலைகளில் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் 19ஆம் நூற்றாண்டில் பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்தப் பின்னடைவு எவ்வளவு காலம் நீடித்தது என்பது உங்களுக்கே தெரியும். சைவர்களுக்கும் அதே கவலை இருந்தது. சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியது அதனால்தான். காரைதீவில் பிறந்தவர், உங்கள் அயல் ஊர்க்காரர்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தக் குருமாரில் பலர் தமிழ் படித்தார்கள், இங்கேயே கிழடானார்கள், இங்கேயே புதைக்கப்பட்டார்கள். வருகிறவர்கள் எத்தனை வருடம் இருக்கப் போகிறார்கள், நம் மொழியைப் படிப்பார்களா என்று கேளுங்கள் மச்சான்.

இஸ்லாமாபாத் பழைய மாணவன் (அக்கரைப்பற்று)

"எத்தனை வருடம்" என்ற கேள்விக்கு ஒரு சம்பவம் இருக்கு.

பாகிஸ்தானில் 1995இலிருந்து பாக்-துர்க் என்ற பாடசாலைகள் நடந்தன. துருக்கிய மதபோதகர் பெத்துல்லா குலெனின் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது. லாகூர், இஸ்லாமாபாத், கராச்சி எண்டு பெரிய நகரங்கள் பலவற்றில் இருந்தது. நல்ல பெயர். விஞ்ஞான ஒலிம்பியாட் போட்டிகளுக்கெல்லாம் பிள்ளைகளைத் தயார்படுத்துவாங்க. ஆசிரியரை "அபி" எண்டும் ஆசிரியையை "அப்லா" எண்டும் கூப்பிடுவாங்க, அண்ணன், அக்கா மாதிரி.

வேடிக்கை என்னண்டா, துருக்கியில் இந்த ஆட்களை மிகவும் மதப்பற்றாளர் எண்டு அரசாங்கம் சந்தேகமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பாகிஸ்தானில் எனக்குத் தெரிந்த தாடி வைத்த நண்பர்களுக்கு அதே ஆட்கள் மிகவும் மேற்கத்தியமாகத் தெரிந்தாங்க. முகம் மழித்து, கோட்டும் டையும். துருக்கிப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் தலை மறைக்கத் தடை இருந்து, 2010 அளவில்தான் அது தளர்ந்தது. அந்த நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு முக்காடு போடுறதே ஒரு போராட்டம். பாகிஸ்தானில் அதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. ரெண்டு பேரும் ஹனபி மத்ஹப்தான். அப்படியிருந்தும் ரெண்டு உலகம்.

முடிவு என்ன? 2016 ஜூலையில் துருக்கியில் இராணுவப் புரட்சி முயற்சி தோற்றது. அங்காரா அரசு குலென் இயக்கத்தைக் குற்றம் சாட்டியது, அவர் மறுத்தார். அந்த வருடம் நவம்பரில், துருக்கி ஜனாதிபதி இஸ்லாமாபாத் வந்த வாரமே, பாக்-துர்க் பாடசாலைகளின் துருக்கிய ஆசிரியர்களைக் குடும்பத்தோடு வெளியேறச் சொல்லி மூன்று நாள் அவகாசம் கொடுத்தாங்க. நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். தவணை நடுவில் பிள்ளைகள் அழுதுகொண்டு பதாகை பிடிச்சாங்க. 2018 டிசம்பரில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அந்த இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்து, பாடசாலைகளைத் துருக்கி அரசின் மாரிஃப் அறக்கட்டளைக்குக் கொடுக்க உத்தரவிட்டது. ஆப்கானிஸ்தான், சூடான் எண்டு வேறு நாடுகளிலும் அதே கைமாற்றம்.

யார் சரி, யார் பிழை எண்டு நான் தீர்ப்புச் சொல்லல்ல. லாகூரில் எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளைக்கு அங்காராவில் நடந்த அதிகாரச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. கணக்கு டீச்சர் ஒரு வாரத்தில் காணாமல் போனது மட்டும் அதுக்குத் தெரியும்.

அட்டாளைச்சேனை மௌலவி

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு விடயம் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது சட்டவிதி வேறுபாடு. துருக்கி, பாகிஸ்தான், வட இந்தியாவில் ஹனபி மத்ஹப் பெரும்பான்மை. இலங்கை, காயல்பட்டினம், கேரளம், மலேசியா, இந்தோனேசியாவில் ஷாபிஈ. நிழல் பொருளின் அளவுக்கு வந்தால் நமக்கு அஸர் (பிற்பகல்) தொழுகை நேரம். அவர்களுக்கு நிழல் இருமடங்காக வேண்டும். நம் ஊரில் அது ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். சுபஹுத் (அதிகாலை) தொழுகையில் நாம் குனூத் என்ற துஆவை ஓதுவோம், அவர்கள் ஓதுவதில்லை. கடலில் மீனை மட்டும் உண்ணலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு, நமக்குக் கணவாயும் ஆகுமானது. இவை பிழைகள் அல்ல. இமாம்கள் ஆதாரத்தோடு கருத்து வேறுபட்ட இடங்கள். பிள்ளைக்கு இதை முதலே சொல்லிக் கொடுத்தால் பயமில்லை. சொல்லாமல் விட்டால், வாப்பா தொழுவது பிழை என்று பிள்ளை வீட்டில் வந்து சொல்லும். குனூத் ஓதுவதா இல்லையா என்று நம் பள்ளிவாசல்களிலேயே நடந்த சண்டைகளை நாம் மறக்கவில்லை.

இரண்டாவது, வியாபாரி சகோதரருக்கு. வெளியிலிருந்து வரும் இஸ்லாம் நம் வழக்கங்களைத் திருத்தும் என்கிறீர்கள். எந்த வெளி? கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரில் கொடியேற்றுவதை சவூதியில் படித்தவர் கண்டிப்பார். துருக்கியிலோ மீலாத் இரவில் மினாராக்களில் விளக்கேற்றி மவ்லித் ஓதுகிறார்கள், இஸ்தான்புலில் அபூ அய்யூப் அல்-அன்சாரி (ரழி) அவர்களின் அடக்கத்தலத்துக்குச் சனம் திரண்டு போகிறது. இன்னொன்று: துருக்கியில் 1926 முதல் சிவில் சட்டம், காதி (முஸ்லிம் விவாக) நீதிமன்றம் கிடையாது. நமக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் காதியாரும் உண்டு, அந்தச் சட்டத்திலேயே கைக்கூலி (பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது) என்ற சொல்லும் இருக்கிறது. அவரவர் நாட்டு வரலாறு அவரவரோடு பாடசாலைக்குள் வரும்.

காத்தான்குடி வியாபாரி

மௌலவி, ஏற்றுக்கொள்றேன். ஆனா வெளியாளே வேண்டாம் எண்டா நமக்குக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியே இருந்திருக்காதே? எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த அரபி பாஷா இல்லாட்டி?

அட்டாளைச்சேனை மௌலவி

நல்ல உதாரணம். அரபி பாஷா 1883இல் வந்தார். 1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது அவருடைய ஊக்கமும் ஆதரவும் பெரிய பலம். ஆனால் ஓடியாடியவர் அறிஞர் சித்திலெப்பை, பொறுப்பெடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். பாஷா 1901இல் எகிப்துக்குத் திரும்பினார், கல்லூரி நிலைத்து நின்றது. அவர் காலத்தில் பரவிய துருக்கித் தொப்பியை நீதிமன்றத்தில் கழற்ற மாட்டேன் என்று 1905இல் சட்டத்தரணி அப்துல் காதர் நின்றார், ஊரே அவர் பின்னால் திரண்டது. இருபது வருடம் கழித்து, 1925இல், துருக்கி அதே தொப்பியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் மாப்பிள்ளைமார் அதற்குப் பிறகும் கல்யாணத்துக்கு அணிந்தார்கள்.

கல்முனையை எடுங்கள். 1942இல் உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணத்தவர். அவரும் கல்முனைக்கு வெளியாள்தான். ஆனால் இங்குள்ளவர்களைச் சேர்த்து முஸ்லிம் கல்விச் சங்கம் அமைத்தார். வெளியாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாவி யார் கையில் என்று பார்க்கச் சொல்கிறேன்.

கல்முனைச் சட்டத்தரணி

சாவி பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இழையில் ஒருவரும் இதைத் தொடவில்லை.

1960, 1961 சட்டங்களால் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகள் அரசின் கீழ் வந்தன. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்கவும் தடை வந்தது. அதனால் இன்றைய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகப் பதியப்படுகின்றன. கல்வி அமைச்சின் பாடசாலை அல்ல. தவணை நடுவில் மூடினால் வலயக் கல்வி அலுவலகத்தில் போய் நிற்க முடியாது.

காணி: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரோ, ஐம்பது வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனியோ சில விதிவிலக்குகள் தவிர காணி வாங்க முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம். ஆகவே கட்டடம் யாரோ உள்ளூர்க்காரரின் காணியில்தான் இருக்கும். அவர் யார், குத்தகை எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

விசா: 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, மே மாத முற்பகுதிக்குள் அறுநூறுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் விசாக் காலம் கடந்ததற்காக வெளியேற்றப்பட்டார்கள். அதில் சுமார் 200 பேர் இஸ்லாமியப் போதகர்கள். புனானையில் சவூதிப் பணத்தில் எழுந்த தனியார் உயர்கல்விக் கட்டடங்கள் பாடம் நடக்காமல் நின்றதையும், 2020இல் கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையமானதையும் பொலன்னறுவை வீதியால் பஸ்ஸில் போனவர்கள் கண்டிருப்பீர்கள். லாகூரில் நடந்தது இங்கே நடக்காது என்று எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டாம்.

பல்கலைக்கழகம்: அரச பல்கலைக்கழகத்துக்கு வாசல் உள்ளூர் உயர்தரத்தின் இசட் புள்ளி. அம்பாறையும் மட்டக்களப்பும் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன, நம் பிள்ளைகளுக்கு மாவட்ட ஒதுக்கீடும் அதற்கு மேலதிக 5 வீதமும் உண்டு. லண்டன் பரீட்சைப் பக்கம் போனால் அந்த வழி ஏறக்குறைய அடைபடும். ஒலுவிலில் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை அதற்கு வெளியே நிறுத்துவதை யோசித்துச் செய்யுங்கள்.

சம்மாந்துறை வயல்காரன்

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹ் ஹைர். இழையை மனைவியோடு சேர்ந்து வாசித்தேன். போன கிழமை ரெண்டு பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போய் நீங்க சொன்னதையெல்லாம் கேட்டோம். மரியாதையா நடத்தினாங்க, பொய் சொன்னதாத் தெரியல்ல. கேட்டதும் கிடைச்சதும்:

தமிழ் கிழமைக்கு ரெண்டு பாடவேளை, விரும்பினால். தமிழ் இலக்கியம் இல்லை. நோன்பு மாதத்தில் நம்ம அரச முஸ்லிம் பாடசாலைகள் மாதிரி விடுமுறை கிடையாது, நேரத்தை மட்டும் குறைப்பாங்க. மார்க்கப் பாடம் எந்த மத்ஹபில் எண்டு கேட்டதுக்கு "பொதுவாக" எண்டாங்க. பணிப்பாளர் மூன்று பேர், ஒருவர் இலங்கையர். காணி உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் குத்தகை, எத்தனை வருடம் எண்டு சொல்லல்ல. ஆசிரியர்களுக்கு விசா கிடைக்காமப் போனா என்ன செய்வீங்க எண்டு கேட்டோம். "இன்ஷா அல்லாஹ் அப்படி நடக்காது."

மனைவி இன்னொன்று கேட்டா. அங்க இருந்த வெளிநாட்டு ஆசிரியையிடம், மொழிபெயர்த்தவர் மூலமா: "நாங்க என் உம்மாட வளவுல இருக்கிறம், இவர் எங்கட வீட்டுக்கு வந்தவர். உங்கட ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவாங்க?" அவ கொஞ்சம் யோசிச்சு, தன்ட ஊரில் அது வழக்கமில்லை, ஆனால் தனக்கும் அப்படி உம்மா பக்கத்தில இருக்கக் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் எண்டா. மனைவிக்கு அந்தப் பெண்ணைப் பிடிச்சுப் போச்சு.

இருந்தாலும் முடிவு: மூத்தவ புலமைப்பரிசில் முடியும்வரை ஊரிலேயே தமிழில் படிப்பா. சின்னவளும் முதலாம் ஆண்டு இங்கதான். ஆங்கிலத்துக்கு மாலை வகுப்புக்குப் பக்கத்தில நல்ல இடம் தெரிஞ்சா சொல்லுங்க.

மருதமுனை டீச்சர்

சின்னவளுக்கு இப்போதைக்கு வகுப்பு வேண்டாம் தம்பி. ஊர்ப் பொது நூலகத்தில் சிறுவர் அங்கத்துவம் எடுத்து, படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகம் கிழமைக்கு ஒன்று எடுங்கள். உங்கள் மனைவியே வாசித்துக் காட்டட்டும், உச்சரிப்புப் பிழைத்தாலும் பரவாயில்லை. மூத்தவளுக்கு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியைகள் இருவர் கல்முனையில் வீட்டில் சிறு குழுவாக எடுக்கிறார்கள். உள்பெட்டியில் விபரம் அனுப்புகிறேன்.

காத்தான்குடி வியாபாரி

நான் என் மகனைப் பதிஞ்சிட்டேன். எனக்கு ஆங்கிலம்தான் இப்ப அவசரம், அவன் என் கடையைப் பார்க்கப் போறவன், பல்கலைக்கழகம் அவனுக்கு எண்ணமில்லை. ஆனா சட்டத்தரணி சொன்ன குத்தகைப் பத்திரத்தின் பிரதியைப் பெற்றோர் சார்பில எழுத்தில கேட்டிருக்கிறேன், ஏழு பேர் கையொப்பம் வெச்சிருக்கோம். மார்க்கப் பாடத்துக்கு உள்ளூர் மௌலவி ஒருவரைச் சேர்க்கச் சொல்லியும் அதே கடிதத்தில இருக்கு. பதில் வந்ததும் இங்க போடுறேன்.